கட்டடங்களுக்குக் கணக்கெழுதியவர்

விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த காலத்தையொட்டி, லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு முதன்முதலாக ரயில் பாதை போட்டவர்கள், தங்கள் யூஸ்டன் நிலையத்தின் வாயிலில், பிரயாணிகளுக்கு யாதொரு உபயோகமும் இல்லாத, ஆனால் பார்த்தவர் யாரும் மறக்க முடியாத ஒரு கல் வாயிலை நிறுவினார்கள். பிலிப் ஹார்ட்விக் என்ற கட்டடக் கலைஞர், புராதன கிரேக்கரின் டோரிக் பாணியில், யார்க்ஷயர் கற்சுரங்கத்திலிருந்து வந்த கல்லைக் கொண்டு, எழுபது அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அதைச் சமைத்தார். ஒரு கோயிலுக்குள் பிரவேசிப்பவன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல, நீராவி யுகத்துக்குள் பிரவேசிக்கும் மனிதன் அதன் தூண்களை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்பது அவர்களுடைய எண்ணம். யூஸ்டன் ஆர்ச் என்று ஜனங்கள் அதை அழைத்தார்கள்.

நூற்றிருபத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1961-ஆம் வருஷக் கடைசியில், ரயில் பாதைக்கு மின்சாரம் கொண்டுவந்து நிலையத்தையும் விஸ்தரிக்கத் திட்டமிட்ட அதிகாரிகள் அந்த வாயிலை இடிக்கத் தொடங்கினார்கள். வேறிடத்துக்குப் பெயர்த்து வைப்பதானால் 1,90,000 பவுன் ஆகும், இடிப்பதற்கு 12,000 பவுன் போதும் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. கலைஞரும் அறிஞரும் தூது சென்று பிரதம மந்திரி ஹரால்ட் மாக்மில்லனிடம் முறையிட்டார்கள், பயன் இல்லை. இடிக்கும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டவரே மனம் பொறாமல், கற்களுக்கு எண்ணிட்டுப் பத்திரப்படுத்தத் தயார் என்று சொல்லிப் பார்த்தார். அதையும் கேட்பாரில்லை. 1962-இல் அந்தக் கற்களில் பெரும்பகுதி லண்டனின் கிழக்கேயுள்ள லீ நதியைச் சார்ந்த ஒரு கால்வாயின் அடித்தரையிலிருந்த பள்ளத்தை நிரப்புவதற்காகத் தண்ணீரில் கொட்டப்பட்டது. 1994-இல்தான் சரித்திர ஆராய்ச்சியாளரான டான் குரூயிக்ஷாங்க் அவை கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

இந்த அநியாயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வாயில் அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அப்போதே இடம் பெற்றிருந்தது. அதன்மேல் அன்பு கொண்டவர்களும் ஏராளமாக இருந்தார்கள். பட்டியலுக்குப் பல் இல்லாமலும், அன்புக்கு ஸ்தாபன பலம் போதாமலும் இருந்தபடியால் அது போயிற்று. ஐந்தே வருஷங்களுக்குப் பிறகு, யூஸ்டனுக்கு அரை மைல் தூரத்திலுள்ள செயிண்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்கு அதே ஆபத்து வந்தபோது, அது பிழைத்தது. நடுவில் நடந்தது என்ன என்று பார்த்தால், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த ஒரு கட்டடச் சரித்திராசிரியரின் வாழ்நாள் உழைப்பு நம் கண்ணெதிரே விரிகிறது. அவர் பெயர் நிகோலாஸ் பெவ்ஸ்னர்.

பெவ்ஸ்னர் 1902-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30-ஆம் தேதி லைப்ஜிக் நகரில் ஒரு யூத வியாபாரியின் குமாரராகப் பிறந்தார். இளம் வயதிலேயே லூதரன் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவி, கலைச் சரித்திரம் பயின்று, டிரெஸ்டன் சித்திரசாலையில் சிலகாலம் பணியாற்றிய பின், கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். ஜெர்மன் தேசியத்தினிடம் ஆரம்பத்தில் அவருக்கு ஓரளவு அனுதாபமே இருந்ததென்று அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதியவர்கள் மறைக்காமல் குறித்திருக்கிறார்கள். அந்த அனுதாபமோ, அவர் தழுவிய சமயமோ அவரைக் காக்கவில்லை. 1933-இல் ஹிட்லர் ஆட்சியின் இனச் சட்டம் அவருடைய வேலையைப் பறித்தது. இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அங்கும் 1940-இல், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால், லிவர்பூலுக்கு அருகில் ஹைட்டன் என்ற இடத்தில் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையான பிறகு, குண்டு வீச்சில் சரிந்த வீடுகளின் செங்கல்லையும் காரையையும் அள்ளும் கூலி வேலை செய்தார். லைப்ஜிக்கில் தங்கிவிட்ட அவருடைய தாயார், நாஜிகள் தம்மைக் கொண்டுபோவதற்கு முன்பாக, 1942-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்த யுத்த காலத்திலேயே வெளிவந்த ஐரோப்பியக் கட்டடக் கலை பற்றிய அவருடைய பிரசித்தி பெற்ற நூலை, லண்டன் பர்க்பெக் கல்லூரியில் தீக்காவல் இருந்த இரவுகளில் அவர் எழுதி வந்தார் என்பதை நினைக்கும்போது, இந்த மனிதர் கட்டடங்கள் அழிவதைப் பற்றிப் பிற்காலத்தில் பேசியதெல்லாம் ஏட்டறிவால் வந்ததல்ல என்பது விளங்கும்.

யுத்தம் முடிந்த 1945-இல், பெங்குவின் பிரசுராலயத்தின் அதிபர் ஆலன் லேன், அடுத்தபடியாக என்ன நூல் வெளியிடலாம் என்று அவரிடம் யோசனை கேட்டார். ஜெர்மனியில் கேயோர்க் டேகியோ என்ற பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நாடு முழுவதிலுமுள்ள கலைச் சின்னங்களை ஐந்து தொகுதிகளில் தொகுத்துக் கொடுத்திருந்தார். இங்கிலாந்துக்கோ அப்படியொரு நூல் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஜில்லாவாகச் சென்று, பார்க்கத்தக்க கட்டடம் ஒவ்வொன்றையும் நேரில் கண்டு எழுத வேண்டும் என்று பெவ்ஸ்னர் சொன்னார். ஆலன் லேனும் சம்மதித்தார். ஆயிரம் வருஷத்துக் கட்டடங்களைத் தங்கள் நாட்டில் வைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு, அவற்றின் கணக்கை எழுதிக் கொடுக்க ஓர் அந்நியர் முன்வர வேண்டியிருந்தது.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்று நின்று பார்ப்பது நலம். பிரயாணத்துக்குப் பல மாதங்கள் முன்பாகவே, அவரைப் போலவே அகதிகளாக வந்த ஜெர்மன் கலை ஆராய்ச்சியாளர்கள் லண்டன் நூல் நிலையங்களில் உட்கார்ந்து, அந்த ஜில்லாவைப் பற்றி அச்சில் வந்த சகல விஷயங்களையும் ஊர்வாரியாகத் தாள்களில் குறித்து வைப்பார்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும், கல்லூரி வகுப்புகள் இல்லாத வாரங்களைத் தேர்ந்து, பெவ்ஸ்னர் அந்தக் காகிதக் கட்டோடு புறப்படுவார். பெட்ரோலுக்கு இன்னும் ரேஷன் இருந்த காலம். 1933-இல் செய்த பழைய வோல்ஸ்லி ஹார்னட் மோட்டார் ஒன்று கிடைத்தது. மனைவி லோலா அம்மையார் வண்டியை ஓட்ட, பக்கத்தில் பெவ்ஸ்னர் பூகோளப் படத்தையும் குறிப்புத் தாளையும் மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் தொடங்கி வெளிச்சம் மங்கும் வரையில் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். இரவு ஏதேனும் ஒரு சத்திரத்தில் தங்கி, அன்று பார்த்ததையெல்லாம் அன்றே எழுதி முடித்துவிட்டுத்தான் அவர் படுக்கைக்குப் போவார். மறுநாளைக்கு வைத்தால் மறுநாள் பார்ப்பது மேலே விழுந்து மூடிவிடும். ஒரு ஜில்லாவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் ஓய்வு என்பதே கிடையாது.

நம் கிராமங்களில் முன்பு கர்ணம் வயல் வயலாக நடந்து அடங்கல் எழுதியதுபோல அவர் எழுதினார். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மாதாகோயில். அதன் கோபுரம், பிறகு ஜன்னல்கள். ஜன்னலின் தலைப்பில் கல்லைச் சல்லடையாகக் குடைந்திருக்கும் விதத்தைக் கொண்டே அது பதின்மூன்றாம் நூற்றாண்டா, பதினைந்தாம் நூற்றாண்டா என்று அவர் கண் நிதானித்துவிடும். பின்பு உள்ளே தூண்கள், வளைவுகள், ஞானஸ்நானத் தொட்டி, சமாதிச் சிற்பங்கள், வர்ணக் கண்ணாடி, கடைசியாக அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் வெள்ளிக் கிண்ணம் வரையில் வருஷத்தோடு குறிப்பார். அடுத்தபடி நகர மண்டபம், பாடசாலை, ஆஸ்பத்திரி முதலிய பொதுக் கட்டடங்கள். அதன் பிறகு, பெரிய ஊராயிருந்தால், வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல், இந்தத் தெருவில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, மூன்றாவது வீட்டின் மேல்மாடியைப் பார் என்று தெருத் தெருவாக ஓர் உலா. கட்டியவர் பெயர், கட்டிய வருஷம், இவற்றோடு இரண்டொரு சொல்லில் தம் அபிப்பிராயம். சில இடங்களில் அந்த அபிப்பிராயம் கசக்கும். எந்த வீட்டை அவர் விட்டுவிட்டாரோ அந்த வீட்டுக்காரருக்கு அது இன்னும் கசக்கும்.

பிழைகள் இல்லாமல் இல்லை. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு பரப்பைக் கடந்தவர் எழுத்தில் பிழை இல்லாவிட்டால்தான் வியப்பு. தவறுகளை எழுதித் தெரிவிக்கும்படி வாசகர்களை அவரே முன்னுரையில் வேண்டிக்கொண்டார். கடிதங்கள் வந்து குவிந்தன. எந்தப் பண்டிதரும் கண்டறிந்திராத ஊர்ச் சங்கதிகளை உள்ளூர்ப் பாதிரியாரும் பள்ளிக்கூட உபாத்தியாயரும் எழுதி அனுப்பினார்கள். தம் கட்டடங்களை அதுவரையில் திரும்பிப் பார்க்காமலிருந்த ஜனங்கள், ஓர் அந்நியர் எழுதியதைத் திருத்துவதற்காக அவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். இதை அந்த நூல் வரிசையின் மகத்தான பலன்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

முதல் தொகுதிகள் 1951-இல் வெளிவந்தன. 1974-இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் தொகுதியோடு நாற்பத்தாறு தொகுதிகள் பூர்த்தியாயின. அவற்றில் முப்பத்திரண்டை அவர் ஒருவரே எழுதினார். பிரசுராலயத்துக்கு இதில் லாபம் கிடையாது. லெவர்ஹூம் டிரஸ்டு முதலிய தர்ம ஸ்தாபனங்களின் உதவியால்தான் வேலை நடுவில் நின்றுவிடாமல் நடந்தது. லோலா அம்மையார் 1963-இல் காலமானார். அதற்குப் பிறகும் மாணவர்களை வண்டி ஓட்டச் செய்து பெவ்ஸ்னர் போய்க்கொண்டே இருந்தார். லண்டனின் வெளிப் பகுதிகளைப் பற்றிய தொகுதி 1952-லும், மையப் பகுதியான சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் இரண்டையும் பற்றிய தொகுதி 1957-லும் வந்தன. யூஸ்டன் வாயிலும் செயிண்ட் பாங்க்ரஸ் நிலையமும் அமைந்த வட்டாரம் இவற்றில் முந்தியதில் அடங்கும்.

இங்கே அவருடைய மனோதர்மத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெவ்ஸ்னர் நவீனக் கட்டடக் கலையின் பக்தர். 1936-இல் அவர் எழுதிய நூல், வில்லியம் மாரிஸிலிருந்து வால்ட்டர் க்ரோப்பியஸ் வரையில் அந்தக் கலை வளர்ந்த வரலாற்றை ஒரு விடுதலைச் சரித்திரம்போலவே சொல்கிறது. பழைய பாணிகளை எடுத்துப் புதிய கட்டடத்துக்கு அணிவிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கத்தை அவர் சிறிதும் ஆதரித்தவரல்லர். 1961-இல்கூட, அந்த வழக்கம் மறுபடி தலையெடுக்கிறதே என்று கண்டித்துப் பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவர்தாம் விக்டோரியா காலத்துக் கட்டடங்களைக் காக்கும் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். ஊர் முழுவதும் அந்தக் கட்டடங்களை அவலட்சணம் என்று பழித்த காலம் அது. நிலக்கரிப் புகை படிந்து செங்கல்லும் கல்லும் ஒரே கறுப்பாகி, உள்ளே இருந்த இலையும் பூவுமான செதுக்கு வேலை கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. தமக்குப் பிடித்தவற்றை மட்டும் காக்க வேண்டும் என்று ஒரு சரித்திராசிரியர் நினைத்தால், அவர் சரித்திராசிரியர் அல்லர், வெறும் ரசிகர். பெவ்ஸ்னர் தம் ரசனையை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, ஒரு காலத்தின் முழு வாழ்க்கையும் எந்தக் கட்டடத்தில் உருக்கொண்டிருக்கிறதோ அதைக் காத்தாக வேண்டும் என்று வாதாடினார். அவருடைய வாழ்க்கையில் நான் தலைவணங்கும் இடம் இதுதான்.

விக்டோரியன் சொஸைட்டி என்ற அந்தச் சங்கம் 1958-ஆம் வருஷ ஆரம்பத்தில், கென்சிங்டனில் ரோஸ் சீமாட்டியின் இல்லத்தில் பிறந்தது. ‘பஞ்ச்’ பத்திரிகையின் சித்திரக்காரர் லின்லி ஸாம்போர்ன் வாழ்ந்த, அவர் காலத்து மேஜை நாற்காலி, சுவர்ப் படம் முதலியவை அப்படியே இருந்த வீடு அது. கவி ஜான் பெட்ஜமன் அந்தச் சங்கத்தின் மற்றொரு தூண். பெட்ஜமனுக்கும் பெவ்ஸ்னருக்கும் ஒத்துப்போனதென்று சொல்ல முடியாது. பழைய ரயில் நிலையத்தின் மணியோசையிலும் கிராமத்து மாதாகோயிலின் ஈர வாசனையிலும் உருகும் கவிக்கு, வருஷமும் பெயருமாக அடுக்கும் ஜெர்மன் பேராசிரியரின் முறை உலர்ந்ததாகத் தோன்றிற்று, பரிகாசமும் செய்தார். ஆயினும் ஆபத்து வந்த இடங்களில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். ஜனங்களின் உள்ளத்தைக் கவி தொட்டார். மந்திரியின் மேஜைமேல் வைக்க வேண்டிய பிரமாணங்களைப் பேராசிரியர் தயாரித்தார்.

ஆரம்பத்தில் தோல்விகளே வந்தன. யூஸ்டன் வாயில் போயிற்று. 1849-இல் ஜே. பி. பன்னிங் என்பவர் இரும்பிலும் கண்ணாடியிலும் அற்புதமான விதானம் அமைத்துக் கட்டிய நிலக்கரிச் சந்தை மண்டபம், வீதியை அகலப்படுத்துவதற்காக 1962-இல் இடிந்தது. 1964-இல் பெவ்ஸ்னர் சங்கத்தின் தலைவரானார். வெள்ளை மண்டபம் என்ற பெயர்கொண்ட ஒய்ட்ஹால் வீதியிலுள்ள அயல்நாட்டு மந்திரி காரியாலயத்தை இடிக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அதைக் கட்டிய ஸர் கில்பர்ட் ஸ்காட்டே செயிண்ட் பாங்க்ரஸ் ஹோட்டலையும் கட்டியவர்.

1966-இல், செயிண்ட் பாங்க்ரஸ் நிலையத்தையும் அதன் அண்டையிலுள்ள கிங்ஸ் கிராஸ் நிலையத்தையும் ஒன்றாக்கிவிட ரயில்வே அதிகாரிகள் திட்டமிட்டார்கள். பழைய கட்டடங்கள் போவதற்கு அது வழி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. போகவிருந்தது எது என்று சொன்னால்தான் அந்தப் போராட்டத்தின் பொருள் தெரியும். வில்லியம் பார்லோ என்ற எஞ்சினியர் 1868-இல் எழுப்பிய ரயில் கொட்டகை ஏறக்குறைய 240 அடி அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே வளைவாகத் தாண்டி நிற்கிறது. கட்டி முடித்த காலத்தில் உலகத்தில் அவ்வளவு அகலமான வேறு கூரை இல்லை. வளைவின் இரண்டு கால்களும் வெளிப்புறம் விலகிவிடாதபடி இழுத்துப் பிடிக்கும் இரும்பு விட்டங்கள் பிளாட்பாரத்துக்கு அடியிலேயே ஓடுகின்றன. தரைதான் நாண், கூரைதான் வில். அந்தத் தரைக்குக் கீழே ஒரு நிலவறை. பர்ட்டன் ஊரிலிருந்து ரயிலில் வரும் பீர்ப் பீப்பாய்களை அங்கே அடுக்குவார்கள். ஆகையால், நிலவறைத் தூண்களின் இடைவெளியைப் பீப்பாயின் அளவை அனுசரித்தே பார்லோ கணக்கிட்டார். கூரைக்கு முன்னால், நாட்டிங்காம் செங்கல்லில், கூர்ங்கோபுரங்களும் மணிக்கூண்டுமாக ஸ்காட்டின் ஹோட்டல் 1873-இல் திறக்கப்பட்டது. அறைகளுக்குத் தக்க ஸ்நான அறைகள் இல்லாத அந்த ஹோட்டல் காலத்தோடு போட்டியிட மாட்டாமல் 1935-இல் மூடப்பட்டு, ரயில்வேக் காரியாலயமாகப் புழங்கி வந்தது.

இந்தத் தடவை சங்கம் காத்திருக்கவில்லை. பத்திரிகைகளுக்கும் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் மந்திரி காரியாலயத்துக்கும் இடைவிடாமல் எழுதிற்று. யூஸ்டனை இழந்த வெட்கம் பொதுஜன அபிப்பிராயத்தில் இன்னும் ஆறாமல் இருந்ததும் அனுகூலமாயிற்று. 1967-ஆம் வருஷம் நவம்பர் மாதம், செயிண்ட் பாங்க்ரஸ் கட்டடங்கள் பட்டியலின் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டன. இடிக்கும் யோசனை அதோடு நின்றது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் ஸ்தாபனம் பெவ்ஸ்னருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியதும் அதே வருஷத்தில்தான். இரண்டு வருஷம் கழித்து ஸர் பட்டமும் வந்தது.

சட்டமும் அப்போதுதான் திருந்திற்று. 1947-ஆம் வருஷத்து நகர அமைப்புச் சட்டப்படி பட்டியலில் ஏறிய கட்டடத்தை இடிக்க விரும்பும் சொந்தக்காரர், இரண்டு மாதம் முன்பாக நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதும். அதற்குள் அதிகாரிகள் தடையுத்தரவு போடாவிட்டால் கடப்பாரை இறங்கலாம். 1968-ஆம் வருஷத்துச் சட்டம் இந்த முறையைத் தலைகீழாக்கி, முன்கூட்டி அனுமதி பெற்றாலன்றி இடிப்பதோ மாற்றுவதோ குற்றம் என்று விதித்தது. முன்பு காப்பவன் ஓட வேண்டியிருந்தது. இப்போது இடிப்பவன் வந்து காரணம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இன்று அந்தப் பட்டியலில் லட்சக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. ஒரு கட்டடத்தின் தகுதியை நிர்ணயிக்க உட்காரும் உத்தியோகஸ்தர் கையில் பெவ்ஸ்னரின் தொகுதி இல்லாமல் இருப்பது அரிது.

செயிண்ட் பாங்க்ரஸ் பிழைத்ததில் இந்தியருக்கும் ஒரு பாத்தியதை உண்டு. பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தை 1887-இல் கட்டி முடித்த எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ், ஸ்காட்டின் செயிண்ட் பாங்க்ரஸைக் கருத்தில் கொண்டே, அதனோடு நம் நாட்டுச் சிற்ப மரபையும் கலந்து அதை உருவாக்கினார். பம்பாய் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு மண்டபத்துக்கும், ராஜாபாய் கோபுரத்தோடு கூடிய நூல் நிலையத்துக்கும் வரைபடம் போட்டவர் ஸ்காட்டேதான். இந்தியாவில் அடி வைக்காமலே லண்டனில் உட்கார்ந்து வரைந்தார். விக்டோரியா டெர்மினஸ் 2004-லும், சர்வகலாசாலைக் கட்டடங்கள் அடங்கிய தெருத்தொகுதி 2018-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தாய்க் கட்டடம் 1966-இல் தரைமட்டமாகியிருந்தால் இந்த வமிசாவளியின் முதல் ஏடே கிழிந்திருக்கும்.

பெவ்ஸ்னர் 1983-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி காலமானார். பார்லோவின் கொட்டகை புதுப்பிக்கப்பட்டு, 2007 நவம்பரில் பாரிஸிலிருந்து கடலடி வழியாக வரும் ரயில்களுக்குத் திறக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை. ஹோட்டலும் 2011-இல் மீண்டும் விருந்தினரை ஏற்றது. பீர்ப் பீப்பாய் அடுக்கிய நிலவறையில் இப்போது கடைகளும் பிரயாணிகள் கூடமும் நடக்கின்றன. பீப்பாய்க்காகக் கணக்கிட்ட தூண் இடைவெளி பெட்டி தூக்கிய மனிதர்களுக்கும் தாராளமாகப் போதுகிறது. மாடியில் பெட்ஜமனுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு அங்கே சிலை இல்லை. அவருடைய தொகுதிகளை மட்டும் பிற்காலத்து அறிஞர்கள் ஊர் ஊராக மறுபடி சென்று திருத்தி விரித்து வந்திருக்கிறார்கள். யேல் சர்வகலாசாலைப் பிரசுரமாக அந்தத் திருத்தப் பதிப்பு வரிசை 2024-இல் நிறைவெய்திற்று.

இப்போது லண்டனில் வழக்கு வேறு கட்டடங்களின்மேல் நடக்கிறது. பெவ்ஸ்னரின் காலத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடங்களை, அவர் காலத்தவர் விக்டோரியாக் கட்டடங்களைப் பழித்த அதே சொற்களால் இன்றைய ஜனங்கள் பழிக்கிறார்கள். முப்பது வருஷம் கடந்த கட்டடம் எதுவும் பட்டியலுக்கு உரியதாகலாம் என்பது அங்குள்ள விதி. ஆயினும் அலிஸன் ஸ்மித்ஸன், பீட்டர் ஸ்மித்ஸன் தம்பதிகள் கிழக்கு லண்டனில் 1972-இல் கட்டி முடித்த ராபின்ஹூட் கார்டன்ஸ் என்ற குடியிருப்புக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டு, 2017-இல் இடிப்பு தொடங்கிற்று. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதன் மூன்று மாடி அளவுள்ள ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துக்கொண்டது. ஜனங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு துண்டைக் காட்சிப் பொருளாக வைப்பதைக் காப்பாற்றுவது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்துக் கட்டடங்களுக்காக இருபதாம் நூற்றாண்டுச் சங்கம் என்று ஒன்று, விக்டோரியன் சொஸைட்டியைப் போலவே, மனுக்களோடும் வரைபடங்களோடும் மந்திரி காரியாலய வாசலுக்கு நடந்துகொண்டிருக்கிறது.